பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க?

கோத்தகிரிப் பக்கத்து வாசகர் வட்டம் ஒன்றின் கேள்வி இது: ‘ஆறு பேர் இருக்கிறோம். கையில் இரண்டு போன், சனி ஞாயிறு மட்டும் நேரம். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயங்களிலும், சுற்றியுள்ள படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் இருக்கிற பெரியவர்களிடம் ஊர் வரலாற்றைக் கேட்டுப் பதிவு செய்ய ஆசை. இரண்டு பேரிடம் முயன்றோம். “அந்தக் காலத்துல ரொம்பக் கஷ்டம் தம்பி” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எங்கே தவறினோம்?’

கேட்ட கேள்வியில்தான். ‘உங்க வரலாற்றைச் சொல்லுங்க’ என்று கேட்டால் யாரும் தடுமாறுவார்கள். வரலாறு என்றால் ராஜா, துரை, கலெக்டர் என்று ஒரு நினைப்பு. ‘எனக்கென்ன தெரியும், படிக்காதவ’ என்று ஒதுங்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் 1822இல் கலெக்டர் சல்லிவன் ஊட்டியில் கல் பங்களா கட்டிய கதையைப் பேரனின் பாடப்புத்தகத்தில் இருக்கிறபடியே திருப்பிச் சொல்வார்கள். இரண்டாலும் உங்களுக்குப் பயனில்லை. வரலாற்றைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். கை செய்த வேலை வாய்க்கு மறக்காது.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, சிலோனில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. 1976இல் அது டேன்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது. இது எல்லா நூலிலும் இருக்கிறது. நூலில் இல்லாதது, 1970இல் பதினைந்து வயதில் தலைமன்னாரில் கப்பலேறிய பெண், குளிர் தாங்க என்ன போர்த்திக்கொண்டு இந்த மலைக்கு வந்தார் என்பது. அவருக்கு இன்று எழுபது வயது தாண்டிவிட்டது. முதலில் யாரிடம் போவது என்ற கேள்விக்கும் இதுதான் விடை: வயதில் மூத்தவர், காது நன்றாகக் கேட்பவர், இன்னும் கோவையாகப் பேசுபவர். ஊரில் நன்றாகப் பேசுகிறவர் என்று எல்லோரும் கைகாட்டுகிற தலைவரை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேசிப் பேசிக் கதை மெருகேறியிருக்கும்.

ஒரு பேச்சை எப்படிக் கொண்டுபோவது என்பதைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். எதிரே இருப்பவர் சிலோன் தோட்டத்திலும் இங்கேயும் கொழுந்தெடுத்த பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஆயா, பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க?’

‘கடியாரம் ஏது? தப்பு அடிப்பாங்க. அதுக்கு எந்திரிக்கணும்.’

‘தப்பு யாரு அடிக்கிறது?’

தப்பு என்றால் இங்கே பறை. இந்த இரண்டாவது கேள்வியில்தான் பதிவு தொடங்குகிறது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு இங்கே ‘மஸ்டர்’ என்பார்கள். சிலோனிலிருந்து வந்தவர்கள் வாயில் அது ‘பெரட்டு’. நீங்கள் அவர் சொல்லைச் சொன்னதும் அவர் முகம் மாறும். அடுத்து உடுப்பு: இடுப்பில் கட்டிய படங்கு, மழைக்குத் தலையில் போட்ட கொங்காணி. அடுத்து கருவி: கூடைக்கயிறு நெற்றியில் எங்கே உட்காரும், செடியின் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு எவ்வளவு நீளம், எந்த மரத்தில் வெட்டுவது. அப்புறம் பிள்ளை: கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டீர்களா, பால் கொடுக்க வர விட்டார்களா, எத்தனை தடவை. பிறகு எடை, கூலி, கங்காணியும் கணக்கப்பிள்ளையும் கழித்த கிலோ. ‘கஷ்டம்’ என்று ஒரு சொல்லில் முடிந்தது இப்போது முக்கால் மணி நேரம் ஓடும். சொல், பொருள், செய்முறை, ஆள், காசு என்ற இந்த வரிசை எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். கோத்தர் கொல்லருக்கு, ரயில்வே கேங்மேனுக்கு, அரவங்காடு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு, யாருக்கும்.

ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்வியைக் கேட்காதீர்கள். பதிலைக் கேள்வியிலேயே ஊட்டிவிடவும் கூடாது. ‘துரை ரொம்பக் கொடுமைக்காரரா?’ என்று கேட்டால், நீங்கள் விரும்புவதைத்தான் சொல்வார்கள். வீட்டுக்கு வந்த பிள்ளையின் மனம் கோணக்கூடாது என்கிற மரியாதை அது. ‘துரை காட்டுக்கு வந்தா நீங்க என்ன செய்வீங்க?’ என்று கேளுங்கள். கையைக் கட்டி ஒதுங்கி நின்றதைச் செய்தே காட்டுவார்கள். கொடுமை தானே தெரியும். அப்படிக் கையால் காட்டும்போது, ‘இந்தா பாரு, இம்புட்டு’ என்பது ஒலிப்பதிவில் ஒன்றுமே இல்லை. உடனே நீங்கள் சொல்லிவிட வேண்டும்: ‘ஒரு முழம் இருக்குமா ஆயா?’

பதில் முடிந்தது போலத் தோன்றியதும் அடுத்த கேள்விக்குத் தாவுவது புதியவர்கள் எல்லோரும் செய்கிற பிழை. மனதுக்குள் பத்து எண்ணுங்கள். ஏழு, எட்டில் அவரே மறுபடி தொடங்குவார், பல சமயம் அதுவே நல்ல பகுதியாக இருக்கும். இடையில் ‘ஆமா, ஆமா’, ‘அடேயப்பா’ எல்லாம் வேண்டாம், தலையாட்டினால் போதும். அவர் குரல்மேல் உங்கள் குரல் ஏறிவிட்டால் பிரித்தெடுக்க முடியாது.

ஹட்டியில் நிலைமை வேறு. படுகப் பெரியவர் உங்களிடம் தமிழில் பேசினால், வெளியாளுக்கென்று வைத்திருக்கிற சுருக்கமான கதைதான் வரும். அவர் மொழி தெரிந்த பேத்தியைக் கேட்கவிட்டு நீங்கள் கருவியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு பேரில் படுகு பேசுகிறவர் ஒருவராவது இருப்பார், அவர்தான் அங்கே தலைமை. பேச்சுக்கு நல்ல வாசல், தேயிலைக்கு முன்னால் அந்தக் காட்டில் என்ன இருந்தது என்பது. ராகியும் சாமையும் பார்லியும் விளைந்த மேடு எப்போது உருளைக்கிழங்கானது, உருளைக்கிழங்கு எப்போது தேயிலையானது? நீலகிரி உருளைக்கிழங்கில் நூற்புழு இருப்பது 1961இல் கண்டறியப்பட்டது என்பது ஏட்டில் இருக்கிற செய்தி. ‘கிழங்கு ஏன் சிறுத்துப் போச்சுன்னு அப்ப என்ன பேசிக்கிட்டாங்க?’ என்பதற்கு ஏட்டில் பதில் கிடையாது.

கை வேலை நடக்கும்போதே பேச்சைப் பதிவு செய்ய முடிந்தால் விடாதீர்கள். தோடர் பெண்கள் புத்துக்குளி என்ற தங்கள் போர்வையில் பூவேலை செய்யும்போது துணியில் படம் வரைந்துகொள்வதில்லை, இழையை எண்ணித்தான் குத்துகிறார்கள். எண்ணுகிற நேரத்தில் கேள்வி கேட்டால் எண்ணிக்கை தப்பும், திட்டு விழும். வரிசை முடிந்து நூல் மாற்றும்போது கேளுங்கள்.

தோடர்களைப் பற்றி இன்னொன்று. 1900களின் தொடக்கத்தில் இங்கே வந்து தோடர் குடும்ப வழிமுறைகளை எழுதிய ரிவர்ஸ் என்ற ஆய்வாளருக்கு முட்டுக்கட்டையாக நின்றது, இறந்த முன்னோர் பெயரைச் சொல்லக்கூடாது என்ற விலக்கு. கேள்வித்தாளில் ‘தாத்தா பெயர்’ என்று ஒரு கட்டம் போட்டுக்கொண்டு போய் அதை நிரப்பியே தீருவேன் என்று நிற்காதீர்கள். பழைய படுக வீடுகளிலும் லயங்களிலும்கூட மனைவி கணவர் பெயரைச் சொல்லத் தயங்குவார். பக்கத்தில் இருப்பவரிடம் அப்புறமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டால் ஆயிற்று.

வருடம் கேட்டால் கிடைக்காது, கிடைத்தாலும் நம்ப முடியாது. ‘அப்ப எனக்கு மூத்தவன் வயித்துல’ என்பதுதான் அவர்கள் காலண்டர். அதை நம் காலண்டரோடு முடிச்சுப் போட ஊரறிந்த ஆணிகள் வேண்டும். போவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர், அண்ணா மறைவு 1969 பிப்ரவரி, இந்திரா காந்தி கொலை 1984 அக்டோபர், எம்.ஜி.ஆர் மறைவு 1987 டிசம்பர். கெத்தை மண்சரிவு 1990. மரப்பாலம் மண்சரிவு 1993. பச்சைத் தேயிலை விலை படுத்துப்போனது 1990களின் கடைசி. ஊருக்குக் கரண்ட் வந்தது, முதல் பஸ் வந்தது போன்றவற்றை அங்கேயே விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். ‘எம்.ஜி.ஆர் செத்தப்ப இந்த வீடு கட்டியாச்சா?’ என்றால் பட்டென்று பதில் வரும்.

இதிலும் ஒரு சறுக்கல் உண்டு. 1978இலும் 1979இலும் அடுத்தடுத்து பெருமழை பெய்து மண்சரிந்தது. பலர் நினைவில் இரண்டும் ஒட்டி ஒரே மழையாகிவிட்டது. அவரை அங்கேயே திருத்தாதீர்கள். திருத்தினால், அதன்பின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘சரியா தம்பி?’ என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார். பதிவு அப்படியே இருக்கட்டும். உங்கள் குறிப்பில் ‘இரண்டு மழையும் கலந்திருக்கிறது’ என்று எழுதுங்கள். ஊர்ப்பெயர்க் கதைகளுக்கும் இதே முறைதான். ‘கோத்தர் கேரி’ கோத்தகிரி ஆனது என்பார் ஒருவர், இன்னொருவர் வேறு காரணம் சொல்வார். யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டது என்று குறித்தால் போதும், தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையல்ல. 1880இல் வந்த மாவட்டக் கையேட்டையும் 1908 கெசட்டியரையும் ஒருதரம் புரட்டிவிட்டுப் போவது நல்லது. ஆனால் அவை துரைமார் எழுதியவை. லயத்துப் பேச்சோடு முரண்பட்டால் உடனே ஏட்டின் பக்கம் சாய வேண்டியதில்லை.

கருவிக்கு வருவோம். புதிதாக ஆயிரக்கணக்கில் செலவு செய்ய வேண்டாம். போனே போதும், ஆனால் சட்டையில் குத்துகிற கிளிப் மைக் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். சேலைத் தலைப்பும் ஸ்வெட்டரும் உரசினால் கரகரவென்று விழும், தாலிக்கொடியும் மணிமாலையும் அதைவிட மோசம். தலைப்பைச் செருகிக்கொள்ளச் சொல்லி, கம்பளியை மைக்குக்குக் கீழே இறக்கிவிடச் சொல்லுங்கள். ஆண்கள் இதைப் போய்ச் செய்ய வேண்டாம், குழுவில் இருக்கிற பெண் குத்திவிடட்டும்.

கோப்பு வகையை எம்பி3 ஆக்காமல் வேவ் என்று மாற்றிவிடுங்கள், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி பிடிக்கும். போனில் அது இல்லையென்றால் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் போதும், மணிக்குச் சுமார் 320 எம்பி. ஒலி முள் பேச்சின் உச்சத்தில் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்க வேண்டும். சுழியத்தைத் தொட்டால் குரல் கிழிந்துவிடும், பின்னால் எந்த மென்பொருளும் தைத்துத் தராது. ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். அரை நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்த பிறகே தொடங்குங்கள். இந்த அரை நிமிடத்தைச் சோம்பல்பட்டு விட்டவர்கள்தான் ஒன்றரை மணி நேர மௌனத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

மலைக்கென்று சில தொல்லைகள். தகரக் கூரையில் தூறல் விழுந்தாலே பேச்சு போச்சு. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரிலும் பகல் பதிவை நம்பாதீர்கள். உங்களுக்குத் தோதான மாதங்கள் பிப்ரவரி, மார்ச். பனிக்காலத்து விடிகாலையில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். சட்டைப்பைக்குள், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். வெளிக்குளிரிலிருந்து அடுப்பெரிகிற சமையல்கட்டுக்குள் கருவியை நேராகக் கொண்டுபோனால் உள்ளே நீர் முத்துப் பூக்கும். பைக்குள்ளேயே கால் மணி நேரம் இருக்கட்டும், அதற்குள் டீ வந்துவிடும். டீயைக் குடித்து முடித்த பிறகு ஆரம்பியுங்கள், டம்ளர் சத்தம் பேச்சைவிடத் தெளிவாக விழும். பிரிட்ஜ், டிவி, சுவர்க்கடிகாரம் மூன்றையும் கேட்டு நிறுத்திவிடுங்கள். போகும்போது பிரிட்ஜை மறுபடி போட மறக்காமலிருக்க, உங்கள் வண்டிச் சாவியை அதன் மேல் வையுங்கள்.

பதிவுக்கு முன்னால் ஒரு நாள் வெறுங்கையோடு போக வேண்டும். யார் நீங்கள், எதற்கு இது, யார் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டு, ஊர், தொழில், பிள்ளைகள் அளவில் மட்டும் விசாரித்துவிட்டு வந்துவிடுங்கள். அன்றே கதையைச் சொல்ல ஆரம்பித்தால் அன்போடு தடுங்கள். கேட்டுவிட்டால், பதிவு நாளில் ‘அதான் அன்னிக்கே சொன்னேனே’ என்று நான்கு வாக்கியத்தில் முடிந்துவிடும். ஒரு அமர்வு ஒன்றரை மணிக்கு மேல் போகக் கூடாது. வேலைக்குப் போகிறவர் என்றால் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் துணி துவைத்து முடிந்த பிற்பகல். கூலியை விட்டுவிட்டு உட்காரச் சொல்வது அநியாயம். வேறு வழியில்லை என்றால் அந்த நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். கதைக்குக் காசு வேறு, இழந்த கூலிக்குக் காசு வேறு.

வீட்டு ஆண்கள் சுற்றி உட்கார்ந்தால் பெண் பேசமாட்டார். மகன் பதில் சொல்வார், ஆயா தலையாட்டுவார். மகனை வெளியே போகச் சொல்ல முடியாது. ஆனால் உங்களில் ஒருவர் அவரிடம் தோட்டத்தைச் சுற்றிக்காட்டச் சொல்லலாம். அங்கே அவரையும் பதிவு செய்துகொள்ளுங்கள், அதுவும் பயன்படும்.

சம்மதத்தை இரண்டு விதமாக வாங்குங்கள். தமிழில் ஒரு பக்கத்துக்கு மேற்படாத தாள், இரண்டு பிரதி, ஒன்று அவர்களிடம். பெயர் போடலாமா, ஊர் போடலாமா, யாரும் கேட்கலாமா அல்லது குடும்பம் மட்டுமா, பிறகு வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்பதும் அதில் இருக்கட்டும். எழுதத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கிவிட்டுக் கடமை முடிந்தது என்று எண்ண வேண்டாம். தாளில் கைநாட்டு வைக்கச் சொன்னாலே, முன்பு எதையோ எழுதி வாங்கிய நினைவு பலருக்கு வரும். பதிவின் தொடக்கத்திலேயே தேதி, இடம், இருப்பவர்கள் பெயரைச் சொல்லிவிட்டு, அவர் வாயாலேயே சம்மதத்தைச் சொல்ல வையுங்கள்.

கூடலூர் வட்டத்துக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. ‘நீங்க எப்ப இங்க குடி வந்தீங்க?’ என்பது மற்ற ஊரில் சாதாரணக் கேள்வி. 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கி உரிமை தீராமல் கிடக்கிற நிலத்தில் இருப்பவருக்கு அது வழக்குக் கேள்வி. அவர் சொல்லும் ஆண்டு நாளை யாருடைய கையிலோ சான்றாகலாம். பட்டா, எல்லை, காட்டுக்குள் போய்வந்த பாதை பற்றிய பேச்சு வந்தால் அந்தப் பகுதியைத் தனிக்கோப்பாக்கி, பொதுவில் வைக்கும் பிரதியிலிருந்து எடுத்துவிடுங்கள். குறும்பர் தேனெடுக்கும் பாறை எங்கே இருக்கிறது, எந்த வேர் எந்த நோய்க்கு என்பனவும் அப்படியே. அவை ஒருவர் சம்மதித்தால் போதும் என்கிற விஷயங்களல்ல, ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சொல்ல வேண்டியவை. கோயில் சடங்கை வெளியே சொல்லக் கூடாது என்றால் கருவியை நிறுத்துங்கள். நிறுத்தினதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

மண்சரிவில் பிள்ளையைப் பறிகொடுத்ததோ, சிலோனில் கலவரத்தில் ஓடியதோ பேச்சில் வந்தால் கேள்வி கேட்காமல் இருங்கள். அழுதால் ‘நிறுத்தவா?’ என்று மட்டும் கேளுங்கள். சிலர் நிறுத்தச் சொல்வார்கள், சிலர் ‘இருக்கட்டும், இதையும் போடு’ என்பார்கள். எப்படியானாலும் அந்த இடத்தில் பதிவை முடித்துக்கொண்டு எழுந்து போய்விடாதீர்கள். பேரன் படிப்பு, கோழி, இந்த வருடத்துக் கொழுந்து விலை என்று கால் மணி நேரமாவது இன்றைய பேச்சுக்கு அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கிளம்பும் முன் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். கப்பலேறிய பாஸ்போர்ட், தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டை, சம்பளச் சீட்டு, கல்யாணப் படம். எதையும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்காதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், முன்னும் பின்னும் படமெடுத்து, ‘இது யாரு, இது எங்க’ என்று குரலையும் பதிவு செய்யுங்கள்.

அன்றிரவே செய்ய வேண்டியது: கோப்புக்குப் பெயர், மூன்று பிரதி. பெயரில் இடைவெளியோ ‘புதுசு’, ‘கடைசி’ என்ற சொற்களோ வேண்டாம். ஆண்டு மாதம் தேதி, நபர் எண், பகுதி எண் போதும், 20260215-03-01 என்பதுபோல. ஒன்று கணினியில், ஒன்று வெளித்தட்டில், ஒன்று வேறு ஊரில் இருப்பவரிடம். மலை ஈரத்தில் பழைய கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போனதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளித்தட்டைச் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், ஒலியைச் சுருக்கிவிடும்; அனுப்பியே ஆகவேண்டுமானால் டாகுமெண்ட் ஆக அனுப்புங்கள். மூலக்கோப்பில் இருமலைக்கூட வெட்டக் கூடாது. வெட்டுவதெல்லாம் பிரதியில்.

எழுதி எடுப்பதுதான் பாதிக் குழுக்கள் கைவிடுகிற இடம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறேழு மணி நேரம் ஆகும், படுகும் தமிழும் கலந்தால் இன்னும் கூடும். பத்துப் பதிவு சேர்ந்த பிறகு எழுதலாம் என்று தள்ளினால் எழுதவே மாட்டீர்கள். முழுதாக எழுத முடியாவிட்டால், மூன்று நிமிடத்துக்கு ஒரு வரி என்று சுட்டி போடுங்கள்: ‘12:00 பிள்ளைக் காம்பரா, 15:00 கங்காணி எடையில் கழித்தது.’ எழுதும்போது ஏட்டுத்தமிழாக்காதீர்கள். ‘கவ்வாத்து வெட்டினோம்’ என்பதைக் ‘கிளைகளைக் கத்தரித்தோம்’ என்று திருத்தினால் பதிவு செய்த பலனே போய்விட்டது. போனில் பேசினால் எழுதுகிற வசதி இந்தச் சொற்களில் ஒன்றைக்கூடச் சரியாகப் பிடிக்காது. படுகுக்குத் தனி எழுத்து இல்லை. தமிழ் எழுத்தில் எழுதும்போது க, ச, ட, த, ப இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்தாக நிற்பதால், ஆறு பேரும் ஒரே குறியீட்டை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். ஆளுக்கொரு விதமாக எழுதினால் பின்னால் எதையும் தேட முடியாது.

ஒரு மாதத்துக்குள் திரும்பிப் போங்கள். டிவியில் செருகிக் கேட்கிற மாதிரி பென்டிரைவில் ஒரு பிரதி போட்டுக்கொடுத்து, உட்கார்ந்து சேர்ந்து கேளுங்கள். தன் குரலைக் கேட்டு முதலில் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ‘அது அத்தை இல்ல, சின்னம்மா’ என்றும், ‘அந்தக் கங்காணி பேரு இப்பத்தான் ஞாபகம் வருது’ என்றும் தொடங்கிவிடுவார்கள். அதனால் டிவியைப் போடுவதற்கு முன்பே உங்கள் போனில் பதிவுப் பொத்தானை அழுத்தி, கேட்டுச் சொல்லிவிட்டு, மேசையில் வைத்துவிடுங்கள்.